சாவி வாங்கிய நாளைக் குறித்து வை

நரிதாவில் இறங்கி, டோசாய் ரயிலில் நின்றபடியே நிஷி கசாய் வரைக்கும் வந்து சேர்ந்திருப்பாய். பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த புளியும் மிளகாய்ப்பொடியும் இருக்கும். பையில் விமான நிலையத்தில் கொடுத்த புது ரெசிடென்ஸ் கார்டு இருக்கும். நான் 1991இல் வந்தேன். ஜப்பானில் இதுவரை ஏழு வீடு மாறியாயிற்று, அதில் மூன்று தடவை விலாச விஷயத்தில் தப்புச் செய்தாயிற்று. வேலையைப் பற்றிச் சொல்ல உனக்குக் கம்பெனி இருக்கிறது. விலாசத்தைப் பற்றிச் சொல்ல என்னைப் போல அடிபட்டவன்தான் வேண்டும்.

1. சாவி வாங்கிய நாளை நாள்காட்டியில் குறித்து வை. உன் கார்டின் முன்பக்கத்தில் விலாசம் இருக்கவேண்டிய இடத்தில், 'இன்னும் முடிவாகவில்லை' என்று ஜப்பானிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வீடு பார்த்துக் குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள், குயாகுஷோ என்று இங்கே சொல்லும் வார்டு ஆபீஸுக்குக் கார்டோடும் பாஸ்போர்ட்டோடும் போய்ச் சொன்னால், பின்பக்கத்தில் விலாசத்தைப் பதித்துத் தருவார்கள். காசு கிடையாது. விமானம் இறங்கிய நாளிலிருந்து கணக்கு இல்லை, குடியேறிய நாளிலிருந்துதான். அதற்காகப் பதினான்கு நாள் இருக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடாதே. அப்படி உட்கார்ந்தவனுக்குப் பதின்மூன்றாம் நாள்தான் காய்ச்சல் வரும். முதல் வாரத்திலேயே அரைநாள் விடுப்புக் கேள். இதற்கு விடுப்புக் கேட்க வெட்கப்படாதே, இங்கே எந்த மேலாளரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

2. ஓரிடத்தில் சொன்னதை எல்லா இடத்திலும் சொன்னதாக எண்ணிக்கொள்ளாதே. 1994இல் கம்பெனி விடுதியை விட்டு ஓர் அறைக்கு மாறினேன். தபால் நிலையத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தேன், கடிதங்கள் ஒழுங்காக வந்தன. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தபால் நிலையம் செய்வது ஓராண்டுக்குக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும் உபகாரம், அவ்வளவுதான். வார்டு ஆபீஸில் இருக்கும் உன் பதிவேட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விசா நீட்டிக்கத் தாள் நிரப்பும்போதுதான், என் அட்டையில் இன்னும் பழைய விடுதியின் விலாசமே இருப்பதைப் பார்த்தேன்.

அன்று நான் செய்த தப்பு இன்னும் பெரியது. 'போன வாரம்தான் மாறினேன்' என்று சொல்வதாக ரயிலிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். நான் நீட்டிய வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானே 'போன வருஷம்' என்றேன். தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'சோம்பல்' என்பதற்கு ஜப்பானியச் சொல் தெரியாமல் அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். பிந்திப் போனாலும் உள்ளதைச் சொல்லிப் போ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் நமக்கு எந்த ஊரிலும் வராது.

3. இதில் கொஞ்சம் நடைமுறையும் கேட்டுக்கொள். அதே வார்டுக்குள் வீடு மாறினால் ஒரே தடவை சொன்னால் போதும். வேறு வார்டுக்கோ வேறு நகரத்துக்கோ போனால், பழைய இடத்தில் 'போகிறேன்' என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கி, புது இடத்தில் 'வந்தேன்' என்று கொடுக்கவேண்டும். மை நம்பர் என்ற அடையாள அட்டை இருந்தால் 2023 பிப்ரவரியிலிருந்து 'போகிறேன்' என்பதை இணையத்திலேயே சொல்லலாம். 'வந்தேன்' என்பதற்கு நேரில்தான் போகவேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. விடைபெறுவதைத் தூரத்திலிருந்து செய்யலாம், குடிபுகும்போது முகத்தைக் காட்டத்தான் வேண்டும். தாளில் ரெய்வா என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் கேட்டிருந்தால் திகைக்காதே, அதனோடு 2018ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும்.

4. உன் பெயர் என்ன ஆகும் என்பதற்குத் தயாராக இரு. நம் ஊர் இனிஷியல் இங்கே செல்லாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், அதுவே உன் பெயர். முதல் மாதம் ஆபீஸ் ஒன்றில் என் அப்பாவின் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தபோது கண் கலங்கிவிட்டது. இப்போது பழகிவிட்டது. இத்தனை வருஷமாக இந்த ஊர் அவரை மரியாதையோடு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கீழே தபால் பெட்டியில் உன் பெயரை எழுதி ஒட்டு. கார்டில் இருக்கும் ஆங்கில எழுத்திலும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்திலும் எழுது. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால், விலாசம் சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடலாம். பதினாறு எழுத்துப் பெயர் அந்தச் சின்னப் பெட்டியில் அடங்காதே என்று நினைக்காதே, அடங்கும்.

5. விலாசத்தைக் கடன் கொடுக்காதே, வாங்காதே. இதை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். 'அண்ணா, ரெண்டு மாசத்துக்கு உங்க அட்ரஸைப் போட்டுக்கட்டுமா?' என்று ஒரு பையன் கேட்டான். நல்ல பையன். நானும் தலையாட்டினேன். அது என் இரண்டாவது தப்பு. ரெண்டு மாசம் ஒன்பது மாசம் ஆயிற்று. அவனுக்கு வந்த கடிதங்களை நான் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்தேன், அவன் வாங்க வரவில்லை. கடைசியில் எங்கள் சிநேகம்தான் அறுந்தது. இன்றைய சட்டத்தில் அவன் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். பொய் விலாசம் கொடுத்தாலோ, சரியான காரணமில்லாமல் 90 நாள் விலாசமே சொல்லாவிட்டாலோ, தங்கும் தகுதியையே ரத்து செய்ய இடமிருக்கிறது. 14 நாள் கெடுவைத் தவறவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடு. வசிக்காத வீட்டை வீடு என்று சொல்கிறவன், அடுத்தடுத்து எதையெல்லாம் அப்படிச் சொல்லவேண்டி வரும் என்று யோசித்துப் பார்.

6. கோபம் வந்தால் விதியின் மேல் காட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் காட்டாதே. நான் வந்த வருஷம் பதிவுக்காக என் விரல் ரேகையை எடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவரில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் அந்த விதி. நம் ஊரில் ரேகை வைப்பது எழுதத் தெரியாதவர், இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர். பொறியியல் படித்த திமிரில் ரேகை எடுத்த குமாஸ்தாவிடம் கத்திவிட்டேன். அவர் விரலைத் துடைக்கக் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த நீட்டிய கைகள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

பிறகுதான் கதையைத் தெரிந்துகொண்டேன். 1955இல் தொடங்கிய வழக்கம் அது. இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள் 1980களில் 'ரேகை வைக்கமாட்டோம்' என்று மறுத்தார்கள். கைதானார்கள், வழக்கு நடத்தினார்கள், மறுபடியும் மறுத்தார்கள். 1993இல் நிரந்தரக் குடியிருப்போருக்கும், 2000இல் மற்றவர்களுக்கும் அந்த விதி நீங்கியது. 2012 ஜூலை 9ஆம் தேதி பழைய அந்நியர் பதிவு முறையே போய், ஜப்பானியர் பெயர் இருக்கும் அதே குடியிருப்போர் பதிவேட்டில் நம் பெயரும் ஏறியது. 2007 நவம்பரிலிருந்து விமான நிலையத்தில் மறுபடியும் விரலை வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. அது எனக்கு இன்றும் கசப்புதான். ஆனால் இன்று நீ பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வரும் வேலைக்குப் பின்னால், யாரோ பட்ட பாடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போய் வரிசையில் நில்.

7. பதிவேடு உன்னைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை, உன்னைத் தேடி வருவதற்கும்தான். 2020இல் கொரோனாவுக்காக ஆளுக்கு 1 லட்சம் யென் கொடுத்தார்கள். ஏப்ரல் 27 அன்று பதிவேட்டில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும், வெளிநாட்டவர் உட்பட. விண்ணப்பம் பதிவு விலாசத்துக்குத் தபாலில் வந்தது. அடுத்த வருஷம் தடுப்பூசிச் சீட்டும் அப்படியேதான் வந்தது. எங்கள் மாடியில் ஒரு பிள்ளை அந்த 2020 பிப்ரவரியில் குடிவந்தவன், விலாசம் மாற்றவில்லை. அவன் விண்ணப்பம் எங்கோ பழைய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியது. எல்லோரும் வாங்கிய பிறகு அவன் ஒவ்வோர் எண்ணாகப் போன் போட்டுக்கொண்டிருந்தான். வேலை வேறு போயிருந்த சமயம். அரிசி வாங்கிக் கொடுத்தோம், அது பெரிதில்லை. 'நான் இங்கே இருக்கிறதே யாருக்கும் தெரியலை, மாமா' என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

8. வீட்டில் ஆள் கூடினால் அதையும் சொல்லவேண்டும். மனைவியோ கணவரோ வரும்போது திருமணச் சான்றிதழும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். உறவைக் காட்ட அதைக் கேட்பார்கள். குழந்தை பிறந்தால் 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் பிறப்பைப் பதிய வேண்டும். 60 நாளுக்கு மேல் இங்கே இருக்கப்போகிறது என்றால், 30 நாளுக்குள் இமிக்ரேஷனில் அதற்குத் தங்கும் தகுதி கேட்கவேண்டும். பத்தியச் சாப்பாடும் தூக்கமில்லாத இரவுமாக இருக்கும் நாட்களில் இது நினைவுக்கு வராது. ஆகவே பிரசவத்துக்கு முன்பே தாள்களை ஓர் உறையில் போட்டு வை. வேலை மாறினாலும் 14 நாள்தான், ஆனால் அதை வார்டு ஆபீஸில் அல்ல, இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கவேண்டும்.

9. போகும்போது சொல்லிக்கொண்டு போ. நம் வீடுகளில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. இங்கே மட்டும் ஏன் திருட்டு விடை? ஜனவரி 1ஆம் தேதி எங்கே குடியிருந்தாயோ அந்த ஊருக்கு, முந்தைய வருஷ வருமானத்தின் மேல் குடியிருப்பு வரி கட்டவேண்டும், அதன் சீட்டு ஜூனில்தான் வரும். பிப்ரவரியில் ஊருக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வரி கட்ட உனக்குப் பதிலாக ஒருவரை நியமித்துவிட்டுப் போகலாம். போகிறேன் என்று பதியாவிட்டால், நீ இல்லாத வீட்டுக்கு உன் பெயரில் காப்பீட்டுச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். கட்டிய பென்ஷனில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கவும், இங்கே விலாசம் இல்லை என்று ஆகியிருக்கவேண்டும். விலாசம் நீங்கிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கேட்கவேண்டும். என் மூன்றாவது தப்பு இதில்தான். 2003இல் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனேன், யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீட்டுக்காரர் என் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எல்லாம் பாக்கிச் சீட்டு. அதைவிட, அவர் என்னை ஆஸ்பத்திரிகளில் எல்லாம் விசாரித்திருந்தார் என்பதுதான் தலைகுனிய வைத்தது.

10. உனக்குப் பின்னால் வருகிறவரை நீ அழைத்துக்கொண்டு போ. மொழி தெரிந்தவன்தான் போகவேண்டும் என்பதில்லை. எந்த மாடி, எந்தக் கவுன்டர், எண் சீட்டு எங்கே எடுப்பது என்று தெரிந்தால் போதும். போன ஏப்ரலில் மட்டும் நான்கு பேரோடு போய் வந்தேன். எனக்கும் வயதாகிறது, முழங்கால் வலி.

வார்டு ஆபீஸுக்கு வார நாளில் காலையிலேயே போய்விடு. பெட்டியில் பெயர் ஒட்டியதும் எனக்கும் ஒரு வரி எழுது, உன் புது விலாசத்தை என் பழைய நோட்டில் குறித்துக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல 14 நாள் கெடுவெல்லாம் கிடையாது.