உறுதி தொலைந்தாலும் இலக்கம் தொலையக் கூடாது
(பதிவேடு பேணுதல் – ஒரு பாடம்)



இந்த முறை நாம் படிக்கப் போவது ஆபீஸ் புத்தகங்களைப் பற்றி. "அது கிளாக்கர் ஐயா பாக்குற வேலை, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். செக்ரோலில் உங்கள் பேர் விழுந்ததா இல்லையா என்பதில்தான் கடைசிக் காலத்துக் காசு இருக்கிறது. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், மரணாதாரச் சங்கம் என்று புத்தகம் எழுதுகிற வேலை இப்போது உங்களில் பலர் கையிலும் இருக்கிறது.

பாடத்தைக் கற்பிட்டியிலிருந்து தொடங்குவோம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பினால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீளுகிற தரை அது. தென்னந்தோட்டமும் மரக்கறித் தோட்டமும் மீன்வாடியும் உள்ள இடம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் அதிகமானோர். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம் அளவுதான். மன்னார்த் தீவின் மக்களில் பெருந்தொகையானோர் வள்ளங்களில் ஏறி இந்தக் கற்பிட்டிக் கரையில்தான் வந்து இறங்கினார்கள்.

அந்த அவசரத்தில் யார் அலுமாரியைத் திறந்து காணி உறுதியைத் தேடுவது? பிள்ளையைத் தூக்குவதா, பத்திரத்தைத் தூக்குவதா? பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பாடசாலைச் சான்றிதழ் எல்லாம் வீட்டோடு போயின. பிறகு கொட்டிலில் இருந்துகொண்டு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், அடையாள அட்டைக்குப் போனாலும், முதல் கேள்வி "பேப்பர் எங்கே?"

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு விசயம் உண்டு. தொலைந்தவற்றில் சில திரும்பக் கிடைக்கக் கூடியவை, சில கிடைக்கவே முடியாதவை. ஏன்னு கேட்டால், காணி உறுதியை நொத்தாரிசு எழுதும்போது ஒரு பிரதியோடு நிறுத்துவதில்லை. ஒன்று சொந்தக்காரருக்கு. ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. இன்னொன்று நொத்தாரிசின் கட்டிலேயே இருக்கிறது. ஆகவே வீட்டில் இருந்த உறுதி எரிந்தாலும், உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தவருக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்க ஒரு வழி இருக்கிறது. அவை தெரியாதவர் காணியின் பெயரைச் சொல்லிப் பழைய புத்தகங்களைத் தேடுவித்து அலைய வேண்டும். கடைக்காரரின் கடன் கொப்பிக்கோ நொத்தாரிசும் இல்லை, பதிவகமும் இல்லை. அது போனால் போனதுதான்.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இந்த மக்களுக்கு ஓரளவு கைகொடுத்தது. காணியைப் பத்து வருடம் வேறொருவர் ஆண்டால் அது அவருக்கே என்ற வழக்கில், 1983 மே முதல் 2009 மே வரை யுத்தத்தால் திரும்ப முடியாதவருடைய காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடம் தந்தது. ஆனாலும் "இது என் காணி" என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டுமே!

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் நிற்கிறது. அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள், நம்மை வாழவைக்க வந்தவர்களல்ல. ஆனால் எழுதி வைப்பதில் கெட்டிக்காரர்கள். கொழும்பில் எழுதியதற்குப் பிரதி எடுத்து பத்தாவியாவுக்கும் ஒல்லாந்துக்கும் அனுப்பினார்கள். அவர்கள் இங்கே எழுதிய ஆயிரக்கணக்கான தொகுதிகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் உள்ளன. ஆளையும் காணியையும் குறித்த 'தோம்பு' ஏடுகளும் அவற்றில் உண்டு.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய நாட்சம்பளக் கணக்கில். முப்பது வருடம் என்றால் 420 நாள் சம்பளம். அதில் பத்து வருடத்துச் செக்ரோல் "கிடைக்கவில்லை" என்றால் 140 நாள் சம்பளம் கேள்விக்குறி. எப்படிக் கிடைக்காமல் போகும்? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கை மாறின. 1992இல் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கை மாறும்போது தேயிலையையும் தென்னையையும் எண்ணிக் கொடுப்பார்கள். பழைய புத்தகங்களை அப்படி எண்ணிக் கொடுத்தார்களா?

பிறரைச் சொல்லுமுன் எங்களையும் சொல்லிக்கொள்கிறோம். எங்கள் ஆபீசில் ஒரு வருடத்துக் கடன் லெட்ஜர் தரையில் வைத்த பெட்டியில் கிடந்து கறையானுக்கு இரையாயிற்று. பணம் கட்டி முடித்தவர்கள் பற்றுச்சீட்டை வைத்திருந்ததால் தப்பினோம். நாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள், அவர்கள் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

சங்கத்தில் இதைச் சரியாகச் செய்ய முதல் வேலை அலுமாரி வாங்குவதல்ல. பட்டியல் போடுவது. எந்தப் புத்தகம், எழுதுகிறவர் யார், எங்கே இருக்கிறது, எத்தனை வருடம் வைக்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுதத் தொடங்கினாலே "கூட்ட அறிக்கைப் புத்தகம் பழைய செயலாளர் வீட்டுல இல்ல இருக்கு" என்பது வெளியே வரும். எத்தனை வருடம் என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதுங்கள். அங்கத்தவர் பதிவேட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும், தேநீர்ச் செலவுத் துண்டுக்கு அது தேவையில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் குவிப்பதும் தொலைப்பது மாதிரிதான், தேடும்போது ஒன்றும் அகப்படாது. அழிப்பதாக இருந்தால் எதை, எப்போது, யார் அனுமதியில் அழித்தோம் என்று ஒரு வரி எழுதி ஒப்பமிடுங்கள். அரசாங்க அலுவலகங்களுக்குக்கூட, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், புதிதாக எழுதும் பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் பேணச் சொல்கிறது.

செயலாளர் மாறும் நாளில் சாவியை மட்டும் கொடுத்தால் போதாது. அந்தப் பட்டியலை வைத்து, புத்தகம் புத்தகமாகப் பார்த்து, இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். கற்பிட்டி போன்ற கரையோரத்தில் உப்புக் காற்றுக்குக் குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும், நூலால் கட்டுங்கள். மலைப் பக்கம் ஈரம்தான் எதிரி, சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, இனிப் பயமில்லை என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டரும் ஒரே அறையில்தானே இருக்கிறது? வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வேண்டும்.

வீட்டுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், தோட்டம் மாறியிருந்தால் பழைய இலக்கமும், வேலையில் சேர்ந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இலக்கமும் பதிவுப் பிரிவும், காணியிருந்தால் உறுதி விபரம், இவ்வளவையும் எழுதி, இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள மகளிடமோ மகனிடமோ கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை, "வேலை முடிச்சுத் தாரேன்" என்று வருகிற ஆளிடம் கொடுக்காதீர்கள்.

பெயரையும் பாருங்கள். செக்ரோலில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'இராமாய்', சேமலாப நிதியில் தகப்பன் பெயரோடு இன்னொன்று என்றிருந்தால், காசு எடுக்கப் போகும் நாளில் மூன்று பேராக நிற்க வேண்டி வரும். இதைத் திருத்த வேண்டிய நேரம் பெயர் வெட்டிய பிறகு அல்ல, செக்ரோலில் பெயர் விழுந்து கொண்டிருக்கும்போதே. அடுத்த சம்பள நாளில் சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.