இன்மையைக் காணும் கருவிகள்

இல்லாத பொருளைக் கண்ணாற் காண்டல் இயலுமோ என்னும் வினா தருக்க நூலோர்க்கே உரியதெனப் பலர் கருதுவர். இன்று அவ்வினா வைத்தியசாலையிலும் எழுந்துள்ளது. நேர்குடலிலே தோன்றிய புற்றுக்கட்டியொன்றில் ஒட்சிசன் குறைந்துள்ள இடம் யாது என்பதனை, உடலைக் கீறாமலே படத்தின் வாயிலாக அறிய ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். தமிழாசிரியராகிய யாம் இவ்விஞ்ஞானப் பொருளை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் இரண்டு. நாணத்தால் மறைக்கப்படும் உறுப்பின் நோயும் தமிழிற் பேசப்படல் வேண்டும் என்பது ஒன்று. அளவை நூல் கற்பிக்கும் பாடமொன்று இங்கே பெரிதும் பயன்படுகின்றது என்பது மற்றொன்று.

முதற்கண் ஒட்சிசனைத் தேடுவது எதற்கென அறிதல் வேண்டும். எக்ஸ்-கதிர் கலத்தினுட் புகுந்து டி.என்.ஏ. இழையைச் சிதைக்கின்றது. ஒட்சிசன் அருகிலிருப்பின் அச்சிதைவு நிலைபெறும். இல்லையேல் கலம் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளல் எளிதாகும். ஆதலின் ஒட்சிசனற்ற கலத்தைக் கொல்வதற்கு ஏனைக் கலங்களுக்கு வேண்டியதினும் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டப்படும்.

1955ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொம்லின்சன், கிரே என்னும் இருவர் நுரையீரற் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து கண்டவற்றை வெளியிட்டனர். வாய்க்காலை அடுத்த பயிர் செழிக்க, எட்டவுள்ள பயிர் கருகுதல் போலக் குருதிக்குழாயை அடுத்த கலங்கள் வாழ்ந்தன. மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குக்கு அப்பாலுள்ளவை மாண்டு கிடந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரம்பிலே, ஒட்சிசன் அரிதாய்ச் சென்றெட்ட, பட்டினி கிடந்தும் சாவாத கலங்கள் இருத்தல் கூடும். கதிருக்குத் தப்பிப் பின்னர்ப் பெருகத்தக்கன அவையே. உடல் ஏற்கும் கதிரின் அலகுக்கு 1975இல் ‘கிரே’ எனப் பெயரிட்டமை இவ்வறிஞர் நினைவாகவே.

நேர்குடற் புற்றுநோயில் இதன் பயன் பெரிது. முற்றிய கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னர், பல இடங்களில் ஏறத்தாழ ஐந்து வாரம் கதிரும் மருந்தும் கொடுக்கப்படுகின்றன. சிலரது கட்டி முற்றாய் மறைகின்றது. சிலரது கட்டியோ இணங்காது நிற்கின்றது. கட்டி மறைந்தோரை உடன் வெட்டாது கவனித்து வந்தமையால் விளைந்த நற்பயனை 2004இல் பிரேசில் நாட்டு வைத்தியர் அஞ்செலிற்றா ஹபர்-காமாவும் அவர்தம் குழுவினரும் எடுத்துரைத்தனர். இயற்கை வழியாய் மலங்கழித்து வாழ்தலோ, வயிற்றிற் பொருத்திய பையோடு எஞ்சிய நாளைக் கழித்தலோ என்பது சிலர்க்கு இதிலேதான் தங்கியுள்ளது. இணங்காத கட்டியை முன்னரே அறிய இயலுமாயின், வைத்தியர் அதற்கேற்ப வேறு வழி வகுத்தல் கூடும்.

இதற்கு இரு வழிகள் ஆராயப்படுகின்றன. ஒன்று பெற் படம். புளோரீன்-18 சேர்ந்த மிசோனிடசோல் வகைப் பொருளொன்று குருதியிற் செலுத்தப்படும். ஒட்சிசனுள்ள கலத்திலிருந்து அது வெளியேறும். ஒட்சிசன் அருகிய உயிர்க்கலத்திலோ மாற்றமுற்றுச் சிறைப்படும். அப்புளோரீனின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 110 நிமிடம். கருவி அதன் கதிரைக் கொண்டு இடத்தைக் காட்டும். மற்றையது காந்தப் படமாகிய எம்.ஆர்.ஐ. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும் என 1936இலே போலிங்கும் கொரியெலும் கண்டனர். அவ்வியல்பு படத்திலே மாற்றம் விளைத்தலை 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார்.

ஈண்டு அளவை நூலை நினைவுகூர்வாம். புகையைக் கண்டு நெருப்புண்டென்று துணிதல் கருதலளவை. மூடுபனியைப் புகையென மயங்கின் முடிபும் பிழைக்கும். மேற்கூறிய படங்கள் தருவதும் காட்சியன்று, கருதலே. நேர்குடலிலோ மூடுபனி மிகுதி. செலுத்திய பொருள் கட்டியிலன்றிக் குடலிலும் தங்கக்கூடும். குடலிலுள்ள வாயு காந்தப்புலத்தைக் குலைக்கும். குருதியின் அளவு வேறுபடினும் காந்தப் படம் வேறுபடும். கட்டியின் நுண்குழாய்கள் அடைத்தும் திறந்தும் வருதலால், காலையிற் கண்டது மாலையில் இல்லாதொழியலாம். மேலும், பெற் படம் பிரித்துக் காட்டவல்லது சில மில்லிமீற்றரையே. நாம் தேடும் வரம்போ மில்லிமீற்றரின் சிறு பங்கு. இவற்றால் இம்முறைகள் நேர்குடற் புற்றுநோயில் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. நாளாந்தச் சிகிச்சையை முடிவுசெய்யும் நிலையை எய்தவில்லை.

மாணவர்காள்! கருவி பெரிதாயினும் அது தருவது அடையாளமே. அடையாளத்தை ஐயுற்று ஆராய்ந்து பொருளைத் துணிதல் கற்றோர் கடன். வைத்தியத் துறையிற் புகுவோர் இதனை மறவாதிருக்க. ஏனையோரும் ஒன்று நினைக. கட்டிக்குள் மறைந்திருப்பதைத் தேட அறிஞர் இத்துணை முயல்கையில், மலத்திற் குருதி காணல் முதலிய வெளிப்படையான குறிகளை நாணத்தால் மறைத்து நாள் கடத்தல் நமக்கு அடாது. பேசத் தயங்கும் முதியோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் கல்வியின் பயனேயாம்.