வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு ஒரு ரூட்டர் மேசை

தொழிற் பாடம்

கமத்தை விட்டு இடம்பெயரும் குடும்பத்துக்குக் காணி, கிணறு, மாடு, கலப்பை யாவும் பின்னால் நின்றுவிடுகின்றன. கூட வருவது இரண்டு கைகளும் அவை பழகிய வேலையுமே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும், 1995 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் பெயர்ந்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். சிலருக்குக் காணி திரும்பக் கிடைத்தது. சிலர் இன்னும் காத்திருக்கின்றார்கள். காணி கிடைத்தவர்களுக்குங்கூட மாரி மழையை நம்பிய ஒரு போக வேளாண்மை ஆண்டு முழுவதற்கும் வேலை தருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பலர் தச்சு வேலையைப் பழகி வருகின்றனர். மீளக் கட்டப்படும் வீடுகளுக்குக் கதவும் யன்னலும் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மேசை வேண்டும். உளியும் சீவுளியும் கொண்டு ஒரு நாள் முழுவதும் செய்யும் தவாளிப்பை ரூட்டர் இயந்திரம் சில நிமிடங்களில் வெட்டிவிடும். ஆனால் அதே இயந்திரம் ஒரு கணத்தில் விரலையும் எடுத்துவிடும். நம்மிடம் எஞ்சியிருக்கும் முதல் நமது கைகளே. ஆகவே, கையைக் காத்துக்கொண்டு வேலை செய்யத்தக்க ஒரு மேசையை வீட்டிலேயே செய்து கொள்ளும் விதத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. மேசை எதற்கு?

ரூட்டர் என்பது நிமிடத்துக்கு 10,000 தொடக்கம் 30,000 தடவை வரை சுழலும் ஒரு மோட்டார். அதன் முனையில் வெட்டும் அலகு பொருத்தப்படும். சாதாரணமாக இயந்திரத்தைக் கையிற் பிடித்து மரத்தின் மேல் நகர்த்துவார்கள். அகலமான பலகைக்கு இது போதும். ஒடுங்கிய சட்டத்தின் மேல் இயந்திரம் உறுதியாக நிற்காது. சரிந்து மரத்தையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

மேசையில் இயந்திரம் தலைகீழாகத் தகடொன்றின் அடியிற் பொருத்தப்படுகின்றது. அலகு மட்டும் மேலே தெரியும். இயந்திரம் அசையாமல் நிற்க, நாம் மரத்தை நகர்த்துகின்றோம். இதனால் பத்துச் சட்டங்களையும் ஒரே அளவில் வெட்டலாம். யன்னல் செய்பவருக்கு இது பெரும் உதவி. ஆனால் சுழலும் அலகு மேல்நோக்கி நிற்பதால், மேசை சரியாக அமையாவிட்டால் ஆபத்தும் கூடும்.

2. தேவையான பொருட்கள்

(அ) 32 அங்குல நீளம், 24 அங்குல அகலமான 18 மி.மீ. பிளைவூட் ஒன்று, அதே அளவில் 6 மி.மீ. பிளைவூட் ஒன்று.
(ஆ) 10 அங்குலச் சதுரமான 6 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று.
(இ) கால்களுக்கு 3 x 2 அங்குலச் சட்டம், 34 அங்குல நீளத்தில் நான்கு. குறுக்குச் சட்டங்களுக்கு அதே மரம்.
(ஈ) 32 அங்குல நீளம், 4 அங்குல அகலமான நேர்ப்பலகை இரண்டு.
(உ) ஜீ கிளாம்ப் இரண்டு, திருகாணிகள், மரப்பசை.
(ஊ) பெட்டியுடன் கூடிய சுவிச் ஒன்று.

பொருள் வாங்க முன்னர் இயந்திரத்தை அளந்து பாருங்கள். கைபிடிகளோடு சேர்ந்து அது மேசைத் துவாரத்தினூடாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கைபிடிகளைக் கழற்றலாம். அல்லது பெரிய தகடு எடுக்கலாம்.

3. மேசைப் பலகை

தகடு பலகையின் மட்டத்துக்குச் சரியாக அமர வேண்டும். பலகையைக் குடைந்து இதைச் செய்வது கடினம். இலகுவான வழி, இரண்டு பிளைவூட்டுகளையும் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதே.

மெல்லிய பிளைவூட்டில் தகட்டின் அளவுக்கே சதுரத் துவாரம் வெட்டுங்கள். அதன் நடுப்புள்ளி நீளவாட்டில் மத்தியிலும், முன் விளிம்பிலிருந்து 10 அங்குலத்திலும் இருக்கட்டும். தடித்த பிளைவூட்டில் அதே நடுப்புள்ளியைக் கொண்டு எட்டரை அங்குலச் சதுரம் வெட்டுங்கள். இரண்டையும் பசை பூசி ஒட்டி, பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். இப்போது துவாரத்தைச் சுற்றி முக்கால் அங்குல அகலமான படி அமைந்திருக்கும். அதன் மேல் தகடு அமரும்.

தகடு பதிந்து போனால் படியில் தடித்த காகிதத் துண்டுகளை ஒட்டி உயர்த்தலாம். மேலே நின்றால் படியை உளியாற் சிறிது சீவலாம். விரலாற் தடவும்போது தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் மரமும் அங்கே தட்டுப்பட்டு நிற்கும். அந்த இடத்திற்றான் கை சறுக்கும்.

நான்கு கால்களையும் குறுக்குச் சட்டங்களால் இறுக்கிப் பலகையைப் பூட்டுங்கள். துவாரத்தின் இரு பக்கமும் பலகையின் அடியில் ஒவ்வொரு சட்டம் செல்லட்டும். இயந்திரத்தின் பாரத்தாற் பலகை தொய்யாது. மேசையின் உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருப்பது நல்லது. தள்ளிப் பார்க்கும்போது மேசை ஆடக் கூடாது.

4. தகட்டைப் பொருத்துதல்

இயந்திரத்தின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றித் தகட்டின் நடுவில் வைத்து, ஆணித் துவாரங்களை அடையாளமிட்டுத் துளையுங்கள். ஆணியின் தலை தகட்டின் மட்டத்துக்குக் கீழே போகும்படி துளையின் வாயை அகலமாக்க வேண்டும். தகடு தடிப்பானதால் பழைய ஆணிகள் நீளம் போதாமலிருக்கும். அதே புரியுடைய நீளமான ஆணிகளை வாங்கிக் கொள்ளுங்கள். நடுவில் அலகு வெளிவருவதற்கு ஒன்றரை அங்குலத் துவாரம் போதும். தகட்டின் நான்கு மூலைகளையும் திருகாணியால் மேசையோடு பூட்டுங்கள்.

சிறிய அலகைப் பெரிய துவாரத்திற் பயன்படுத்தும்போது மரத்தின் முனை துவாரத்துக்குள் இறங்கிவிடும். அவ்வேளையில் சிறு துவாரமிட்ட மெல்லிய பிளைவூட் ஒன்றை மேசை மேல் இறுக்கி, அதன் மேல் வேலை செய்யுங்கள்.

5. வழிகாட்டிப் பலகை

இரண்டு நேர்ப்பலகைகளையும் 'ட' வடிவில் நிமிர்த்திப் பொருத்தி, பின்புறம் நான்கு முக்கோணக் கட்டைகள் வைத்து இறுக்குங்கள். நிமிர்ந்த பலகையின் அடியில் நடுவே அலகு நிற்பதற்கு 2 அங்குல அகலமான வாய் வெட்டுங்கள். படுத்திருக்கும் பலகையிலும் அதற்கு நேரே வெட்ட வேண்டும். மூலைமட்டம் வைத்து, நிமிர்ந்த பலகை மேசைக்குச் செங்குத்தாக நிற்கின்றதா எனப் பாருங்கள். இரு முனைகளையும் ஜீ கிளாம்பினால் மேசையோடு இறுக்குங்கள்.

மேசை விளிம்புக்கு இது சமாந்தரமாக இருக்கத் தேவையில்லை. அலகுக்கும் பலகைக்கும் உள்ள தூரமே வெட்டின் அளவைத் தீர்மானிக்கின்றது. ஆகவே ஒரு முனையை இறுக்கி வைத்து, மற்ற முனையை மட்டும் சிறிது நகர்த்தி நுட்பமாக அளவு வைக்கலாம்.

6. மின்சாரம்

எட்டக்கூடிய இடத்தில், முன்காலில் சுவிச் பெட்டியைப் பூட்டுங்கள். குனிந்து அடியிற் தேட வேண்டிய சுவிச் அவசரத்துக்கு உதவாது. புவித் தொடுப்பும் ட்ரிப் சுவிச்சும் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள். அயல்வீட்டிலிருந்து மெல்லிய வயரில் இழுத்து வருவது தீவிபத்துக்கு வழி. வேலையின் நடுவே மின்சாரம் நின்றுபோனால் உடனே சுவிச்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிடில் மின்சாரம் திரும்ப வரும்போது இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கும்.

7. அலகைப் பூட்டுதல்

பிளக்கைக் கழற்றிய பின்னரே அலகைத் தொட வேண்டும். அலகின் தண்டை முழுவதும் உள்ளே விட்டு, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். தண்டின் முக்காற் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். பெரிய அலகுக்கு வேகத்தைக் குறையுங்கள். 2 அங்குல விட்டமுள்ள அலகை 12,000 தொடக்கம் 16,000 சுற்றுகளில் ஓட்டுவது போதும். வேகத்தைக் குறைக்க முடியாத சிறு இயந்திரத்திற் பெரிய அலகைப் பூட்ட வேண்டாம்.

8. தள்ளும் திசை

இப்பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதனை மறக்க வேண்டாம்.

மேசைக்கு மேலே நின்று பார்க்கும்போது அலகு இடஞ்சுழியாகச் சுழலும். அதாவது, நமக்கு அண்மையிலுள்ள பக்கத்தில் அதன் பற்கள் இடமிருந்து வலமாக வருகின்றன. ஆகவே மரத்தை எப்போதும் வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். பற்களுக்கு எதிராக மரம் செல்லும்போது அலகு அதனைத் தடுக்கின்றது. வழிகாட்டிப் பலகையோடும் அழுத்தி வைக்கின்றது. வேகம் நம் கையில் இருக்கும்.

இடமிருந்து வலமாகத் தள்ளினால் அலகு மரத்தைப் பறித்துக்கொண்டு போகும். மரத்தைப் பிடித்திருந்த கையும் அதனுடன் அலகின் மேற் போய்விடும்.

அலகுக்கும் வழிகாட்டிப் பலகைக்கும் நடுவே மரத்தைச் செலுத்துவதும் கூடாது. அங்கே பற்கள் எதிர்த்திசையில் வருவதால் மரம் அம்பு போலப் பறக்கும்.

கையை அலகுக்கு 6 அங்குலத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். கைபிடி வைத்த கட்டையொன்றாலும் தள்ளுகோலாலும் தள்ளுங்கள். ஓர் அடிக்குக் குறைந்த துண்டைத் தனியே வெட்டாமல், நீண்ட மரத்தில் வெட்டிய பின்னர் அளவுக்கு அறுத்துக் கொள்ளுங்கள். கையுறை, தொங்கும் சால்வை, நீண்ட கை, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய நூல் யாவும் அலகில் மாட்டிக்கொள்ளும். தலைமயிரை முடிந்து கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கு மறைப்பும், காதுக்கு அடைப்பும் வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

9. மரத்தை ஆராய்தல்

போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களில் செல் துண்டுகளும் சன்னங்களும் பதிந்திருப்பதுண்டு. வேகமாகச் சுழலும் அலகு அவற்றிற் பட்டால் உடைந்து சிதறும். மரத்தில் கருமையான கறை, புடைப்பு, பழைய காயம் மூடிய தழும்பு உண்டா எனப் பாருங்கள். காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஈயமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதாகையாற் கண்ணாற் பார்ப்பதும் அவசியம். பழைய வீட்டு மரமானால் ஆணிகளைப் பிடுங்குங்கள். ஐயமான துண்டை அடுப்புக்கும் வைக்காது ஒதுக்கிவிடுங்கள். வெடிக்காத சன்னம் நெருப்பில் வெடிக்கலாம்.

மரம் தேடி, கண்ணிவெடி எச்சரிக்கை அடையாளமிட்ட பகுதிக்குள் ஒருபோதும் போக வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி தேவை. முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

10. முதலாவது வேலை

யன்னற் சட்டத்தில் 6 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழமான தவாளிப்பு வெட்டிப் பழகுங்கள். 6 மி.மீ. நேர் அலகைப் பூட்டி, 3 மி.மீ. உயர்த்தி, எல்லாச் சட்டங்களையும் ஒரு முறை செலுத்துங்கள். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி 6 மி.மீ. வரை உயர்த்தி மீண்டும் செலுத்துங்கள். அடுத்து 9 மி.மீ., இறுதியாக 10 மி.மீ. ஒரே தடவையில் முழு ஆழமும் வெட்ட முயன்றால் அலகு சூடேறிக் கருகும், அல்லது முறியும். முதிரை, பாலை போன்ற வைரமான மரங்களுக்குத் தடவைக்கு 2 மி.மீ. போதும். முதலில் கழிவுத் துண்டொன்றில் வெட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால், புகை மணம் வந்தால் நிறுத்துங்கள்.

11. கூட்டாக வைத்திருத்தல்

ஒரு குடும்பம் கடன்பட்டு இயந்திரம் வாங்குவதைவிட நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நன்று. ஒரு கொப்பியில் யார், எந்த நாள், எத்தனை மணித்தியாலம் பயன்படுத்தினார் என எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் சிறு தொகையைப் புதிய அலகுக்கென ஒதுக்குங்கள். வேலை முடிந்ததும் அலகைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். பழகாதவர் தனியே வேலை செய்ய வேண்டாம். பழகியவர் ஒருவர் சுவிச்சின் அருகே நிற்கட்டும்.

நாசரேத்தூரில் இயேசு தச்சராகவே அறியப்பட்டார். கையுழைப்பு அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை. காணியிழந்த கமக்காரர் தச்சராவதும் தாழ்வன்று. ஆனால் காணி திரும்பக் கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்கப் பத்து விரல்களும் வேண்டும். அவசரப்படாமல் வேலை செய்யுங்கள்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. நமது கிராமத்தில் இவ்வாண்டு எத்தனை வீடுகளுக்குக் கதவு, யன்னல் தேவைப்படும்? அவை இப்போது எங்கிருந்து வருகின்றன?
2. மரத்தை ஏன் வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்? ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.
3. நம்மிடையே பழைய ஓடாவிமார் யார் இருக்கின்றனர்? அவர்களிடம் இளையவர்கள் பழகுவதற்கு என்ன ஒழுங்கு செய்யலாம்?