தேங்கிய கோப்புகள் காத்திருக்கட்டும்

கேள்வி: மனச்சோர்வுக்காக இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்த எங்கள் பிரிவு எழுத்தர் அடுத்த வாரம் பணிக்குத் திரும்புகிறார். பிரிவுத் தலைவியான நான் அவரை எப்படி நடத்த வேண்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: அவர் வருவதற்கு முன்பே போனில் பேசுங்கள். எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்று அவரையே கேளுங்கள். தேங்கிய கோப்புகளையெல்லாம் முதல் நாளே மேஜையில் அடுக்கிவிடாதீர்கள். பல அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது, கொடுமை. சில வாரங்களுக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். மருந்தால் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கிக் கொடுங்கள். சிகிச்சையோடு வேலையிலும் இப்படி மாற்றம் செய்வதையே உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.

என்ன நோய், என்ன மாத்திரை என்று யாரும் துருவக் கூடாது. சக ஊழியர்களிடம் இதை நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மனநல விவரம் ரகசியமாக இருப்பது அவருடைய உரிமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தருகிறது. வேலையில் பிழை வந்தால் பிழையை மட்டும் சுட்டுங்கள், நோயோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மீண்டும் சோர்வு தெரிந்தால், மருத்துவரைப் பார்க்க உடனே நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.