பழைய லாரியில் டீசல் செலவைக் குறைத்தல்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு நிலமுடைய விவசாயிகளிற் சிலர் சொந்தமாகவே லாரி வைத்திருக்கின்றனர். புதிய வண்டிக்குப் பெருந்தொகை வேண்டியிருப்பதால், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பழைய வண்டியை வாங்குவதே பெரும்பாலும் வழக்கம். வாங்கும் போது விலை சகாயமாகவே தோன்றும். பின்னர் மாதந்தோறும் டீசல் கணக்கைப் பார்க்கையில், வெளி லாரிக்கு வாடகை கொடுத்திருந்தாலே நலமாயிருந்திருக்கும் என்ற எண்ணம் உண்டாகும். அந்த நிலையில் ஒருவர் டயரை மாற்றச் சொல்லுவார். ஒருவர் இஞ்சினை மாற்றச் சொல்லுவார். வேறொருவர் குழாயிற் பூட்டும் காந்தக் கட்டையை விற்க வருவார். இவற்றுள் எது பணத்தைத் திருப்பித் தரும், எது தராது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் அளவு

அளந்து பாராமல் செய்யும் மாறுதல் எதுவாயினும் அதன் பலனை அறிய இயலாது. டிரைவர் சொல்லும் "லிட்டருக்கு இவ்வளவு" என்ற கணக்கு பெரும்பாலும் உத்தேசமே. டாங்கியை விளிம்பு மட்டும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கமான வேலைகளைச் செய்து, மீண்டும் அதே பம்பில் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, அதே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை தெரியும். ஒரு முறை செய்து விடுவது போதாது. சுமையும் வழியும் நாளுக்கு நாள் மாறுவதால், நாலு நிரப்புதல்களின் சராசரியையே நம்ப வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்க வேறொரு விஷயமும் உண்டு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 5 ஆக்கினால், 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்பது 20 ஆகி, 5 லிட்டர் மிச்சமாகும். 8 ஓடும் வண்டியை 9 ஆக்கினாலோ, 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர்தான் மிச்சம். இரண்டிலும் கூடியது ஒரு கிலோமீட்டரே யாயினும் பணத்தில் வித்தியாசம் பெரிது. ஆகையால் சிறிய வண்டியும் பெரிய லாரியும் வைத்திருப்பவர், கைப்பணத்தை முதலில் பெரிய லாரிக்குச் செலவிடுவதே தக்கது.

பழுது நீக்காமல் புதிது பூட்டலாகாது

பழைய லாரி அதிகம் குடிப்பதற்குக் காரணம் அது பழைய மாதிரி என்பதைவிட, அது பழுதாயிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. பிரேக் லைனிங் விடுபடாமல் டிரம்மில் உரசிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரம், புதிய டயரால் வரக்கூடிய லாபம் முழுவதையும் தின்றுவிடும். இதை அறிவது எளிது. சுமையின்றிச் சிறிது தூரம், பிரேக்கை அதிகம் மிதியாமல் ஓட்டிவந்து, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், தொடலாகாது, சுட்டுவிடும். மற்றவற்றிலும் அதிக அனல் வீசும் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிக் கையாற் சுழற்றினால், பிரேக் பிடிப்போ பேரிங் இறுக்கமோ வெளிப்படும். முன் சக்கரங்களின் நேர்ப்பாடு தவறியிருந்தால் டயர் ஒருபுறமாய்த் தேய்ந்திருக்கும். அவ்வாறு தேய்வதற்கான சக்தியும் டீசலிலிருந்தே செலவாகிறது.

புகையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கரும்புகை, ஊற்றிய டீசலுக்குத் தக்க காற்று இல்லையென்பதையோ, நாஸில் சரியாய்த் தூவவில்லையென்பதையோ காட்டும். நீலப்புகை இஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியில் நிற்கும் லாரியின் காற்று வடிகட்டி, நெடுஞ்சாலை லாரியின் வடிகட்டியைவிட வெகு விரைவில் அடைபடும். கம்பெனிப் புத்தகத்தில் கண்ட கிலோமீட்டர் வரையில் காத்திராமல், அறுவடை முடிந்தவுடன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நம்மவர் அநேகர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, உஷ்ண தேசத்துக்கு வேண்டியதில்லை என்று தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. இஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமலே ஓடினால் டீசலும் கூடுதலாய்ச் செலவாகும். சிலிண்டரும் விரைவில் தேயும். மற்றொன்று, இழுவை போதவில்லை என்று டீசல் பம்பை "ஏற்றி" விடுவது. இக்கட்டுரை எழுதுவோனுக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் கரும்பு ஏற்றும் லாரிக்கு ஒரு பட்டறையில் அவ்வாறு செய்தனர். மேடுகளில் வண்டி சற்று வேகமாய் ஏறியது மெய்தான். ஆனால் பின்னால் வருவோர்க்கு வழி தெரியாத அளவு கரும்புகை கக்கிற்று. அந்தக் கரியெல்லாம் எரியாமற்போன டீசலே. உண்மையில் அந்த வண்டியின் இழுவைக் குறைவுக்குக் காரணம் அடைபட்ட காற்று வடிகட்டி. அதை மாற்றிப் பம்பையும் பழைய அளவுக்கு இறக்கிய பின்னர், இழுவையும் வந்தது, செலவும் தணிந்தது.

டீசல் எங்கே செலவாகிறது

மேற்கண்ட பழுதுகளெல்லாம் நீங்கிய பின்னரே மேம்பாடுகளைப்பற்றி யோசிக்க வேண்டும். எந்த மேம்பாடு யாருக்குப் பயன்படும் என்பது லாரி எவ்விடத்தில், எவ்வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

சமதளமான தார்ச்சாலையில், சுமையோடு மொத்தம் 10 டன் எடையுள்ள லாரி ஒன்று, சாதாரண நைலான் டயரில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டயர்கள் உருளுவதில் டன்னுக்குச் சுமார் 10 கிலோ வீதம் 100 கிலோ தடை ஏற்படும். இது வேகத்தால் அதிகம் மாறாது. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். கூண்டும் முகப்பும் சாதாரணமாயுள்ள லாரிக்கு, மணிக்கு 40 கிலோமீட்டரில் அது 40 கிலோ அளவிலும், 60-ல் 95 கிலோ அளவிலும், 80-ல் 170 கிலோ அளவிலும் இருக்கும். இவை தோராயமான கணக்கே. எனினும் தீர்மானத்துக்குப் போதும்.

கிராமத்திலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கோ சர்க்கரை ஆலைக்கோ 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரிக்குப் பெரும் சத்துரு டயரே, காற்று அன்று. மண்பாதையில் உருளல் தடை 3, 4 மடங்கும் ஆகுமாதலால் அங்கே காற்றைப்பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து இரவோடிரவாகக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிக்கு, நெடுஞ்சாலை வருமிடமெல்லாம் கணக்கு மாறிவிடும்.

டயர்

நைலான் டயரில் நூலடுக்குகள் ஒன்றன்மேலொன்று குறுக்காகச் சாய்ந்து கிடக்கும். டயர் தரையில் அமுங்கும்போதெல்லாம் அவ்வடுக்குகள் ஒன்றையொன்று இழுத்து உரசிச் சூடாகும். அந்தச் சூடு வீணான டீசல். ரேடியல் டயரிலோ நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். தரை தொடும் பாகத்தின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். பக்கம் இளக்கமாய் வளையும், அடிப்பாகம் நெளியாது. பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனியார் 1946-ல் இதற்கு உரிமைச்சீட்டுப் பெற்றனர். நைலானில் 100 கிலோவாயிருந்த உருளல் தடை ரேடியலில் 70 கிலோ அளவுக்கு இறங்கக்கூடும். நின்று நின்று புறப்படுவதிலும் மேடேறுவதிலும் செலவாகும் டீசலை டயர் குறைக்காதாகையால், மொத்தச் செலவில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையில் குறையுமென்று எதிர்பார்ப்பதே நியாயம்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4.5 கொடுக்கும் லாரிக்கு மாதம் சுமார் 444 லிட்டர் டீசல் வேண்டும். நூற்றுக்கு 7 குறைந்தால் 31 லிட்டர் மிச்சம். அதை உள்ளூர் விலையாற் பெருக்கி, ரேடியலுக்கு அதிகமாய்க் கொடுக்கும் தொகையை அதனால் வகுத்தால், எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்பது தெரியவரும். வருஷத்தில் மூன்று மாதமே ஓடும் லாரிக்கு இக்கணக்கு சரிப்படாமற் போகலாம்.

ரேடியலுக்குக் குறையும் உண்டு. அதை விற்பவர்கள் எடுத்துரைப்பதில்லை. அதன் பக்கச்சுவர் மெல்லியது. கரும்புக் கட்டையும் கருங்கல்லும் உள்ள பாதையில், அளவுக்கு மிஞ்சிச் சுமையும் ஏற்றினால் பக்கம் கிழிந்துபோம். நம் நாட்டு லாரிக்காரர்கள் நெடுங்காலம் நைலானை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. வயலுக்குள் இறங்கும் லாரிக்கு நைலானே இருக்கட்டும். சாலையிலேயே ஓடும் லாரிக்கு ரேடியல் தகும். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலந்து போடலாகாது. வண்டி ஒருபுறம் இழுத்து விபத்துக்கு இடமாகும்.

எந்த டயராயினும், காற்றழுத்தம் குறைந்தால் லாபம் போய்விடும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுக்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். பின் அச்சின் இரட்டைச் சக்கரங்களில் உட்புறத்து டயரை ஒருவரும் பார்ப்பதில்லை. அது காற்றிழந்து கிடக்க, வெளிப்புறத்து டயர் இருவர் சுமையைத் தனியே தாங்கி வருந்தும்.

மற்ற மேம்பாடுகள்

கூண்டின் எடையைக் குறைப்பது நல்லதே. நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் கூண்டு கட்டும் தொழிலாளர் வேண்டியபடி செய்து தருவர். ஆனால் அரை டன் இரும்பு குறைந்தால் டீசலில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் குறையும். அதன் முக்கிய லாபம், சட்டத்துக்குட்பட்டே அரை டன் சரக்கு கூடுதலாய் ஏற்றலாம் என்பது. முகப்பின்மேல் பூட்டும் காற்றுத் தடுப்புப் பலகை, சரக்கு முகப்பைவிட உயர்ந்து, வண்டி 60-க்கு மேற்பட்ட வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால் மட்டுமே பயன் தரும். வைக்கோற் போரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு எந்தப் பலகையும் உதவாது. தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொள்ளாதபடி இறுக்கிக் கட்டுவது செலவில்லாத சீர்திருத்தம்.

ரேடியேட்டர் விசிறி பழைய வண்டிகளில் இஞ்சின் சுழலும்போதெல்லாம் ஓயாது சுழலும். அது வாங்கும் சக்தி சுழற்சியின் கனத்துக்கேற்ப ஏறுவது; வேகமாய் ஓட்டும்போது சில குதிரைச்சக்தியை அதுவே விழுங்கிவிடும். சூடேறும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பு எண்ணெய்க் கிளட்ச் விசிறிகள் உண்டு. அந்த மாதிரி இஞ்சினுக்கென்றே கம்பெனியார் செய்தது கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிடில், விசிறியின் இறகை வெட்டுவது, அதைச் சூழ்ந்த கூட்டைக் கழற்றுவது போன்ற வேலைகளில் இறங்கலாகாது. சித்திரை வெயிலில் இஞ்சின் கொதித்து ஹெட் வளைந்தால், பல வருஷத்து மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

பின் அச்சின் கிரவுன் பினியனை மாற்றுவது மற்றொரு வழி. உதாரணமாக 41-க்கு 6 பல் என்பதை 41-க்கு 7 ஆக்கினால், அதே வேகத்துக்கு இஞ்சின் ஏழில் ஒரு பங்கு குறைவாய்ச் சுழலும். சமவெளியில் அரைச்சுமையோடு ஓடும் வண்டிக்கு இது நன்மை. மலையேறும் வண்டிக்கும் எப்போதும் முழுச்சுமை ஏற்றும் வண்டிக்கும் கெடுதல். கீழ்க்கியரிலேயே முக்கி முனகி, முன்னிலும் அதிகம் குடிக்கும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கிலோமீட்டர் காட்டும் கருவி கியர்ப்பெட்டியிலிருந்து ஓடுவதால், இந்த மாறுதலுக்குப் பிறகு அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். லாபம் வந்திருந்தும் வரவில்லையென்று தோன்றும். சுற்றளவு வேறுபட்ட டயர் போட்டாலும் இவ்வாறே பிழை ஏற்படும். நெடுஞ்சாலைக் கல்லோடு 20 கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பிழையைத் திருத்திக்கொண்ட பிறகே கணக்கு எழுத வேண்டும்.

டர்போ இல்லாத இஞ்சினுக்கு வெளிப்பட்டறையில் டர்போ பூட்டுவதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. பிஸ்டனும் பேரிங்கும் அந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

காந்தமும் மருந்தும்

டீசல் குழாயிற் பூட்டும் காந்தம், டாங்கியில் ஊற்றும் மருந்து முதலியவை "பாதி எரியும் எண்ணெயை முழுதும் எரிக்கும்" என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. பழுதில்லாத டீசல் இஞ்சின், ஊற்றிய எண்ணெயில் நூற்றுக்கு 98-க்கு மேல் எரித்தே விடுகிறது. வீணாவது எரியாத எண்ணெயன்று. எரிந்த சூட்டில் பெரும்பகுதி புகைப்போக்கியிலும் ரேடியேட்டரிலும் வெளியேறிவிடுவதே. அதைக் காந்தம் தடுக்காது. அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையத்தார் இத்தகைய சாதனங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பரிசீலித்ததில், மிகச் சிலவே, அதுவும் அற்ப அளவில், பயன் காட்டின. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது பஸ்களும் லாரிகளும் பின்னால் அடுப்புக் கட்டிக் கரிவாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அது வேறு எரிபொருளுக்கு மாறியதேயன்றி, மாயவித்தையன்று.

சட்ட விஷயம்

இஞ்சினை வேறு வகைக்கு மாற்றுவதும், பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதும், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றிச் செய்தால், தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது வண்டி நிற்கும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் தகராறாகும். எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டிக்கு அச்சான்று வருஷந்தோறும் பெறவேண்டியதாகையால், இதை மறைத்து வைக்க இயலாது. ஒரே அளவுள்ள டயர், காற்று வடிகட்டி, நாஸில் முதலியவற்றை மாற்றுவதற்கு அனுமதி வேண்டியதில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த மத்திய அரசு விதியின்படி, அரசினருக்கும் பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் சொந்தமான வாகனங்கள் 15 வருஷத்துக்குப் பின் பதிவில் நீடிப்பதில்லை. ஆகவே 13, 14 வருஷமான பஞ்சாயத்து லாரிக்கு ரேடியல் டயரோ கிரவுன் பினியனோ வாங்க மதிப்பீடு வந்தால், மிச்சமுள்ள மாதங்களை எண்ணிப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். பிரேக்கையும் வடிகட்டியையும் சரிசெய்வதற்கு மாத்திரம் அந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.