குவெரி போட்டிருக்கிறார்கள் என்றால் கைவிரித்துவிட்டார்களா?

கேள்வி: என் மாமனாருக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஐந்து லட்சம் வரை செலவில்லை என்று நம்பித்தான் போனோம். காப்பீட்டு கவுன்டரில், “பேக்கேஜ் அவ்வளவு வராது, ப்ரீ-ஆத் இன்னும் வரலை, குவெரி போட்டிருக்காங்க, கொஞ்சம் முன்பணம் கட்டிடுங்க” என்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. கட்டலாமா?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள் அம்மா. மூன்று வார்த்தைகளைப் புரியாதபடி சொல்லிவிட்டு, பணத்தை மட்டும் நன்றாகப் புரியும்படி கேட்பது சில கவுன்டர்களின் வழக்கம்.

ஐந்து லட்சம் என்பது ஒரு குடும்பம் முழுவதற்கும் ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அத்தனையும் கிடைக்கும் என்று பொருளல்ல. எந்த ஆபரேஷனுக்கு மருத்துவமனைக்கு எவ்வளவு கொடுப்பது என்று அரசு முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறது. அந்தத் தொகைதான் பேக்கேஜ். பொது வார்டு படுக்கை, டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, மாத்திரை மருந்துகள், பரிசோதனைகள், நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகைக்குச் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டுதான் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆகவே ‘பேக்கேஜ் வராது’ என்பது அவர்கள் கணக்கு. அதை உங்கள் தலையில் கட்ட வழியில்லை. நீங்களாகத் தனி அறை கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் விஷயம் வேறு.

ப்ரீ-ஆத் என்பது ஆபரேஷனுக்கு முன் வாங்க வேண்டிய அனுமதி. மருத்துவமனை உங்கள் மாமனாரின் ஆவணங்களைக் கணினி வழியே அனுப்பும். காப்பீட்டுத் தரப்பில் உள்ள மருத்துவர்கள் பார்த்து அனுமதிப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் தொலைபேசியிலேயே தகவல் சொல்லி அனுமதி பெறும் வழியும் உண்டு.

அப்படிப் பார்க்கும்போது ஏதாவது குறைந்தால் கேட்டு அனுப்புவதுதான் குவெரி. ஆஞ்சியோகிராம் சி.டி. சேரவில்லை, எக்கோ ரிப்போர்ட்டில் தேதி இல்லை, ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருக்கிறது என்ற மாதிரி சில்லறைக் குறைகளாகவே பெரும்பாலும் இருக்கும். இது மறுப்பு அல்ல. பதில் அனுப்ப வேண்டியது மருத்துவமனை. அவர்கள் அனுப்பாமல் வைத்திருந்தால் நாள்தான் ஓடும். எனவே கவுன்டரில், “குவெரியில் என்ன கேட்டிருக்கிறார்கள்? திரையைக் காட்டுங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். ஆதார் பெயர்ப் பிழை என்றால் நீங்கள் ஓட வேண்டும், ஆஞ்சியோ சி.டி. என்றால் அவர்கள் ஓட வேண்டும்.

நிஜமாகவே மறுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் பதிவாகியிருக்கும். அதையும் எழுத்தில் வாங்குங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க்கும் குழுவுக்கு மனு எழுதலாம். ஆபத்து நெருக்கி, வேறு வழியில்லாமல் பணம் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத புகார் நிற்காது.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியமே இலவசம். அப்புறம் ஏன் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்? எங்கள் பணத்தைப் பிடித்துக்கொள்வார்களா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் பணம் எதுவும் போகாது. அதே பேக்கேஜ் தொகையை அரசு மருத்துவமனையும் காப்பீட்டிலிருந்து வாங்கிக்கொள்கிறது. உபகரணங்கள், விலை கூடிய சாதனங்கள் வாங்க அந்தப் பணம் உதவுகிறது. அட்டை இல்லாவிட்டாலும் வைத்தியம் நடக்கும், இருந்தால் கொடுங்கள். உங்கள் குடும்பத்தின் ஆண்டு வரம்பில் அந்தத் தொகை கழியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஸ்மார்ட் கார்டில் என்.பி.ஹெச்.ஹெச். என்று போட்டிருக்கிறது. முன்னுரிமை இல்லாதவர்களுக்குக் காப்பீடு கிடையாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?
– ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: தெரிந்தவருக்குத் தெரியவில்லை. அந்த எழுத்துகள் 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக வந்த வகைப்பாடு; ரேஷன் கடையோடு சரி. காப்பீட்டுக்குப் பார்ப்பது குடும்பத்தின் ஆண்டு வருமானம், அது 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் தள்ளிவிடப்பட்டவர்கள் இன்னும் ‘நமக்கு இல்லை’ என்றே உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். சாலை விபத்தானால் வருமானப் பேச்சே கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதற்கென்று ஒதுக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை.

அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்களைத்தான் குடும்பமாகக் கொள்வார்கள். புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை பெயரை முதலில் அதில் சேர்த்துவிடுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. இடையில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.