காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படைகள்

ஒருவனுக்கு நேரும் இழப்பைப் பலர் சிறுகச் சிறுகப் பங்கிட்டுத் தாங்கும் ஏற்பாடே காப்புறுதியாகும். பத்திரத்தைப் பெட்டகத்திற் பூட்டி வைப்போர் பலர், வாசித்தறிவோர் சிலர். இழப்பு நேர்ந்த பின்னரே அதன் எல்லைகளை அறிந்து வருந்துவோரும் உளர். ஆதலின் அதன் அடிப்படைக் கோட்பாடுகளை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இலங்கையில் ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகியவற்றுக்கு, உள்நாட்டுச் சட்டம் வேறு விதித்த இடம் ஒழிய, ஆங்கிலச் சட்டமே ஏற்புடைத்தென 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே ஆங்கிலத் தீர்ப்புகளை அறிதல் எமக்கும் பயனுடைத்து.

முதலாவது கோட்பாடு முழு நேர்மை. பொருளின் இயல்பை அறிந்தவன் அதன் உரிமையாளன். கம்பனியோ அவன் சொல்லை நம்பியே ஆபத்தை மதிப்பிடுகின்றது. எனவே முக்கியமான செய்திகளை அவன் மறைத்தலாகாது. சுமாத்திராத் தீவின் மார்ல்பரோக் கோட்டை பற்றிய வழக்கில் மான்ஸ்பீல்ட் பிரபு 1766 இல் இதனை வகுத்துரைத்தார். ஆயினும் காப்புறுதி அளித்தவர் அறிந்தவற்றையும் அறிந்திருக்க வேண்டியவற்றையும் கூறாமை குற்றமன்று என்றமையால், வழக்குக் காப்புறுதி பெற்றவருக்கே சாதகமாக முடிந்தது. இங்கிலாந்து 2012, 2015 ஆம் ஆண்டுச் சட்டங்களால் இக்கடமையின் கடுமையைத் தணித்துள்ளது. எனினும் விண்ணப்பத்தில் நோயை மறைப்பவன் தன் குடும்பத்தின் பாதுகாப்பையே பணயம் வைக்கின்றான்.

இரண்டாவது, காப்புறுதி செய்யப்படும் பொருளில் உண்மையான நலன் இருத்தல். தொடர்பற்ற பிறர் உயிரின்மீது பந்தயம் கட்டுதலைத் தடுக்கவே இங்கிலாந்தில் 1774 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

மூன்றாவது, நட்டஈடு. இழந்ததை ஈடு செய்வதன்றி இலாபம் அளிப்பது காப்புறுதியின் நோக்கமன்று. ஒருவர் தம் வீட்டை விற்க உடன்பட்டபின் அது தீயாற் சேதமுற, கம்பனி 330 பவுண் கொடுத்தது. பின்னர் அவர் முழு விலையையும் பெற்றமையால், அத்தொகையைத் திருப்பிக் கொடுக்குமாறு 1883 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கம்பனிகளிற் காப்புறுதி செய்தவனும் ஒரே சேதத்திற்கு இருமுறை ஈடு பெற இயலாது. ஆயுட் காப்புறுதி இதற்கு விலக்கு. உயிருக்கு விலை மதித்தல் அரிதன்றோ? அங்கு ஒப்பிய தொகையே கிடைக்கும்.

இனி, பலரை ஏமாற்றத்துக்குள்ளாக்கும் விகிதாசார விதியைக் காண்போம். 20 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டை ஒருவர் 10 இலட்சத்துக்கே காப்புறுதி செய்தார் எனக் கொள்க. தீயால் 4 இலட்சம் ரூபா சேதம் நேரின், அது 10 இலட்சத்துக்கு உட்பட்டதாகலின் முழுவதும் கிடைக்குமென அவர் கருதுவார். ஆனால் பத்திரத்தில் இவ்விதி இருப்பின், பாதிப் பெறுமதிக்கே கட்டுப்பணம் செலுத்தியமையால் 2 இலட்சமே கிடைக்கும். மீதிப் பாதிக்கு அவரே தமக்குக் காப்புறுதியாளர் ஆகின்றார். பல ஆண்டுகட்கு முன் குறித்த தொகையை, கட்டட விலைகள் ஏறிய பின்னும் மாற்றாது விடுவோர் இதனை நினைவிற் கொள்க.

மோட்டார் வண்டிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி மாத்திரம் பெற்றவர், தம் வண்டியின் சேதத்துக்கு அதன்கீழ் ஈடு கேட்க இயலாது. தீக் காப்புறுதியிலும் வெள்ளம், புயல் என்பன குறிக்கப்பட்டுள்ளனவா என நோக்குக.

ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது காப்புத் தொகை, விலக்குகள், தாமே தாங்கவேண்டிய முதற் பகுதி, இழப்பை அறிவிக்கவேண்டிய காலம் ஆகிய நான்கினையும் வாசித்தறிக. விளங்காத வாசகத்துக்குக் கம்பனியிடம் எழுத்து மூலம் விளக்கம் பெறுக.